கிரைண்டருக்கு ஒரு பக்கம், கமிஷனுக்கு ஒரு கணக்கு

அஃபிலியேட் தளம் என்பது பொருள்களைப் பற்றி எழுதி, கடைக்கு லிங்க் கொடுத்து, அதன் வழி நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் வாங்கும் வலைத்தளம். அதைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது நல்ல டொமைன் பெயரை. அதற்கு முன் கையில் எடுக்க வேண்டியது கால்குலேட்டர். மாதம் 1,000 பேர் வந்து படிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15 விழுக்காட்டினர் கடை லிங்க்கைத் தட்டினால் 150 பேர். அவர்களில் நூற்றுக்கு 4 பேர் வாங்கினால் 6 ஆர்டர். சராசரி ஆர்டர் 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கமிஷன் 4 விழுக்காடு என்றால் ஆர்டருக்கு 3 வெள்ளி 20 காசு, மாதத்துக்கு 19 வெள்ளி 20 காசு. ரத்தான ஆர்டரும் திருப்பி அனுப்பிய பொருளும் போக 17 வெள்ளி தேறும். இந்தக் கணக்கில் மாதம் 500 வெள்ளி பார்க்க 29,000க்கும் மேல் வருகை வேண்டும்.

இவை எடுத்துக்காட்டுக்குப் போட்ட எண்கள்தான். ஆனாலும் எந்த எண்ணை அசைக்க முடியும் என்பதை இவை காட்டிவிடும். கமிஷன் விகிதம் கடைக்காரர் கையில். வருகையைக் கூட்ட மாதக் கணக்கில் ஆகும். அந்த 15ஐயும் 4ஐயும் மட்டும்தான் எழுதுகிறவர் தன் கையாலேயே மாற்ற முடியும். “வெட் கிரைண்டர் என்றால் என்ன” என்று தேடி வருபவர் வாங்க வந்தவர் அல்லர். 2024 முதல் கூகுளே அப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐ பதில் போட்டுவிடுவதால், அவர் உங்கள் தளம் வரை வருவதே குறைவு. “இந்த இரண்டு கிரைண்டரில் எது சத்தம் குறைவு, சிங்கப்பூரில் எங்கே கிடைக்கும்” என்று தேடுபவர் கையில் காசோடு நிற்கிறார். அப்படிப்பட்ட 20 பக்கம் இருந்தால், பொதுவாக எழுதிய 200 பக்கத்தைவிட அதிகம் சம்பாதிக்கும்.

யார் செய்யலாம்

இதைத் தெளிவாகச் சொல்லாமல் மேலே போவது சரியில்லை. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் சொந்தத் தொழில் நடத்தவோ தொழிலில் பங்கெடுக்கவோ சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் நிபந்தனைகள் அனுமதிப்பதில்லை. “ஆன்லைன்தானே, யாருக்குத் தெரியும்” என்று ஊரில் உள்ள யூடியூபர் சொல்லலாம், பெர்மிட் போவது உங்களுக்குத்தான். எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் இரண்டும் அட்டையில் பெயருள்ள முதலாளியிடம் வேலை செய்வதற்காகத் தரப்பட்டவை. அமைச்சிடம் எழுத்தில் கேட்காமல் இறங்க வேண்டாம். டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலை செய்ய 2021 மே 1 முதல் தனியாக வொர்க் பாஸ் எடுக்க வேண்டும். சொந்தத் தொழில் நடத்துவோருக்கு வேறு விதி உண்டு, ஆனால் அதில் உள்ளூர் ஊழியரை வேலைக்கு வைக்கும் நிபந்தனையும் சேர்ந்து வரும். ஒரு வலைப்பதிவுக்கு அது கட்டுப்படியாகாது.

குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரிலேயே, வேறு சொல் எதுவும் சேர்க்காமல் தொழில் நடத்தினால் தொழில்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டியதில்லை. வணிகப் பெயர் வைத்தால் பதிய வேண்டும். தனி உரிமையாளராகப் பதிய பெயருக்கு 15, ஓராண்டுப் பதிவுக்கு 100, ஆக 115 வெள்ளி.

சிங்கப்பூரில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்தது

“சிறந்த 10 ஹெட்போன்” எழுதி அமெரிக்கத் தளங்களோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. இங்கே குடியிருந்தால்தான் பதில் சொல்ல முடியும் என்ற கேள்விகளைப் பிடிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு ஒரு டேபிள் டாப் வெட் கிரைண்டர்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டர் இங்கே ஓடுமா என்பதுதான் பலருக்கும் வரும் முதல் சந்தேகம். ஓடும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. வேறுபடுவது பிளக். இந்தியாவில் உருண்டை முள், இங்கே உள்ளே ஃபியூஸ் வைத்த 13 ஆம்பியர் சதுர முள். அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் கொடுத்த 110 வோல்ட் மிக்ஸி என்றால் கதை வேறு, நேரே செருகினால் மோட்டார் போய்விடும். இந்த ஒரு பத்தியை எழுதக்கூடிய தளம் அமெரிக்காவில் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவருக்கும் இதை எழுத வேண்டிய தேவை வராது.

அடுத்து அளவு. கடைக்காரர் “2 லிட்டர்” என்று மட்டும் போட்டிருப்பார். வாங்குபவருக்கு அதைவிட முக்கியம், மேல் அலமாரியின் அடிப்பகுதிக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே கிரைண்டர் நிற்குமா, மூடியைத் தூக்கி மாவு வழிக்க இடம் இருக்குமா என்பது. எனவே மூடி திறந்த நிலையில் உயரத்தை அளந்து சென்டிமீட்டரில் போடுங்கள். டில்டிங் மாடல் என்றால் சாய்க்கும்போது முன்னால் எவ்வளவு தூரம் வருகிறது என்பதும் வேண்டும். எடை வேண்டும், ஏனென்றால் அதை அலமாரிக்குள்ளிருந்து வாரம் ஒரு முறை தூக்கி வைக்கப்போவது பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். 200 கிராம் உளுந்தைக் குறிப்பிட்ட நேரம் ஊறவைத்து, பொங்கப் பொங்க அரைபட எத்தனை நிமிடம் ஆனது என்று கைப்பேசி டைமரில் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாவு சூடேறியதா, கல்லுக்கும் பாத்திரத்துக்கும் இடையே எவ்வளவு மாவு தங்கியது, கழுவும்போது வழிப்பானுக்குள் விரல் போகிறதா, இவையும் வேண்டும். சத்தத்தை “குறைவு” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. “அறைக் கதவைச் சாத்தினால் உள்ளே பேச்சுக் கேட்கும்” என்றால் விளங்கும்.

எல்லா மாடலையும் காசு கொடுத்து வாங்க முடியாது, தேவையும் இல்லை. லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் உள்ள பாத்திரக் கடைகளுக்கு அளவு நாடாவோடு போனால் அளவு தெரிந்துவிடும். அரைத்துப் பார்த்தது எது, கடையில் பார்த்தது மட்டும் எது என்று பக்கத்திலேயே பிரித்துச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் விற்பனை குறையாது. 2021ல் கூகுள் பொருள் விமர்சனங்களுக்கென்று கொண்டுவந்த மாற்றத்திலிருந்து, பொருளைக் கையாண்டதற்கான அடையாளம், சொந்தப் படம், சொந்த அளவு ஆகியவற்றைத்தான் கேட்டு வருகிறது. நிறுவனத்தின் விளம்பரப் படத்தையும் அதன் விவரக்குறிப்பையும் திருப்பி எழுதிய பக்கங்கள் ஒவ்வொரு மாற்றத்திலும் கீழே போகின்றன.

உத்தரவாதத்தை மறந்துவிடாதீர்கள். இந்தியாவில் வாங்கியதற்கு இங்கே சர்வீஸ் உண்டா, பெல்ட் தேய்ந்தால் மாற்று பெல்ட் எங்கே கிடைக்கும் என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். அந்த இரண்டு வரிக்காகவே பக்கத்தைச் சேமித்து வைப்பார்கள். ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருள்களில் பாதுகாப்புக் குறி ஒட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து மலிவாக வரும் பொருளில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் பரிந்துரைப்பது வாசகர் வீட்டில் நெருப்பு வைப்பதற்குச் சமம். கமிஷன் எவ்வளவு தந்தாலும் வேண்டாம்.

தமிழில் எழுதினால் வாசகர் எந்த நாட்டில்?

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தமிழில் எழுதிய பக்கத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பார்கள். மதுரையில் படிப்பவருக்குச் சிங்கப்பூர் ஷாப்பி லிங்க்கால் ஒரு காசு பயனில்லை. புள்ளிவிவரத்தில் 5,000 வருகை, வருமானத்தில் சுழியம் என்று வந்தால் முதலில் கூகுள் அனலிட்டிக்ஸில் நாட்டுவாரிக் கணக்கைப் பாருங்கள்.

வழி இரண்டு. ஒன்று, தலைப்பிலும் முதல் பத்தியிலும் சிங்கப்பூர், வெள்ளி, வீவக, தேக்கா என்ற சொற்கள் இயல்பாக வரும்படி எழுதி இங்குள்ள வாசகரை மட்டும் இழுப்பது. வருகை சிறியதாக இருக்கும், ஆனால் வந்தவர் வாங்குவார். இன்னொன்று, இந்தியாவுக்குத் தனிப் பக்கம், தனி லிங்க் வைப்பது. அமேசானில் ஒவ்வொரு நாட்டு அஃபிலியேட் திட்டத்துக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விற்பனை உங்கள் வழியாக வந்தது என்று காட்ட அமேசான் சிங்கப்பூர் தரும் குறியீட்டை இந்தியக் கடை லிங்க்கில் ஒட்டினால் கமிஷன் வராது. ஒரே பக்கத்தில் வெள்ளி விலையும் ரூபாய் விலையும் கலந்து எழுதுவதைத் தவிருங்கள், இரு பக்கமும் குழம்பும்.

இங்குள்ள தமிழர்கள் தமிழில் பேசினாலும் பொருளைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். ஆகவே பொருளின் பிராண்டும் மாடல் எண்ணும் பெட்டியில் உள்ளபடியே பக்கத்தில் இருக்கட்டும். கூகுள் சர்ச் கன்சோலில் மாதம் ஒரு முறை, மக்கள் எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்று பார்த்து, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பதில் இல்லையென்றால் சேருங்கள். புதுப் பக்கம் எழுதுவதைவிட இது வேகமாகப் பலன் தரும்.

தளம் அமைப்பதில் பெரிய விஷயம் எதுவுமில்லை. டாட் காம் டொமைன் ஆண்டுக்கு 20 வெள்ளி அளவில் கிடைக்கும், வேர்ட்பிரஸ், சாதாரண ஹோஸ்டிங், இலேசான தீம் போதும். டாட் எஸ்ஜி வேண்டுமென்றால் இங்குள்ள முகவரியும் அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழிச் சரிபார்ப்பும் தேவை. முதல் ஆண்டில் தீமுக்கும் பிளக்இன்னுக்கும் செலவழிப்பதைவிட ஒரு நல்ல சமையலறைத் தராசு வாங்குவது மேல்.

கடைகளின் நிபந்தனைகள் கடிக்கும் இடங்கள்

அமேசான் திட்டத்தில் சேர்ந்த 180 நாளுக்குள் தகுதியான 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீங்களே உங்கள் லிங்க்கில் வாங்குவது தகுதியான விற்பனை ஆகாது. எனவே தளம் தொடங்கிய அன்றே விண்ணப்பிக்காமல், நாலைந்து பக்கங்களுக்கு வாசகர் வரத் தொடங்கியபின் விண்ணப்பியுங்கள். வாசகர் உங்கள் லிங்க் வழியாக வந்தார் என்பதை உலாவியில் குறித்து வைக்கும் குக்கீயின் ஆயுள் அங்கே 24 மணி நேரம். இன்று பார்த்துவிட்டு, சம்பளம் வந்தபின் வாங்குபவரின் கமிஷன் உங்களுக்கு வராது. விலையைக் கையால் தட்டி எழுதுவது, வாங்கியவர்களின் நட்சத்திர மதிப்பீட்டை நகலெடுப்பது, பொருளின் படத்தை இறக்கி உங்கள் தளத்தில் ஏற்றுவது, இவையெல்லாம் நிபந்தனை மீறல். “சுமார் 200 வெள்ளி” என்று போட்டுவிட்டு மறந்துபோன பக்கத்தால் கணக்கை இழக்கலாம்.

ஷாப்பி, லசாடா இரண்டுக்கும் சொந்த அஃபிலியேட் திட்டம் உண்டு. இன்வால்வ் ஏஷியா போன்ற நெட்வொர்க்கில் சேர்ந்தால் பல கடைகள் ஒரே கணக்கில் வரும். விகிதம் பொருள் வகைக்கு ஏற்ப மாறும், ஓர் ஆர்டருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இருக்கும். 400 வெள்ளி கிரைண்டரை விற்றுவிட்டு 4 விழுக்காடு என்று 16 வெள்ளி எதிர்பார்த்தால், வரம்பு காரணமாக அதில் சிறு பகுதிதான் வரக்கூடும். பொதுவாகக் கமிஷனைக் கணக்கிடுவது பொருள் சேவை வரியும் அனுப்பும் கட்டணமும் தள்ளுபடியும் போக மீதித் தொகைக்குத்தான். வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 2023 முதல் வரி உண்டு. வாசகர் கடைசியில் கட்டும் தொகையைச் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

டாஷ்போர்டில், அதாவது திட்டத்தில் உங்கள் கணக்கைக் காட்டும் பக்கத்தில், தெரியும் தொகை உங்கள் பணம் அல்ல. முதலில் நிலுவை, பொருள் திருப்பி அனுப்பும் காலம் முடிந்தபின் ஒப்புதல், பிறகுதான் வங்கிக்கு. ஹோட்டல், சுற்றுலாச் சீட்டு என்றால் பயணம் முடிந்தபின்தான் ஒப்புதல். டிசம்பர் விடுமுறைக்கு ஆகஸ்டில் பதிவு செய்தவரின் கமிஷன் ஜனவரிக்கு மேல்தான் வரும்.

வருகை அப்படியே இருக்க, ஆர்டர் மட்டும் திடீரென்று நின்றால் பார்க்க வேண்டியவை சில. சந்தைத் தளங்களில் விற்பனையாளர் பொருளை எடுத்துவிட்டால் உங்கள் லிங்க் செத்த பக்கத்துக்கோ முகப்புக்கோ போகும். பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு பொருளுக்கு இரண்டு கடை லிங்க் வைத்திருந்தால் ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். அடுத்து, ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவியிலிருந்து கடைச் செயலிக்குத் தாவும்போது குறியீடு அறுந்துபோவது. இதைக் கைப்பேசியில் நீங்களே தட்டிப் பார்த்து, டாஷ்போர்டில் கிளிக் பதிவானதா என்று சோதிக்கலாம். மூன்றாவது, வாங்கும் கடைசி நொடியில் வாசகர் கூப்பன் தளத்துக்குப் போய் வருவது. பல திட்டங்களில் கடைசியாகத் தட்டிய லிங்க்குக்கே கமிஷன் என்பதால் உங்கள் உழைப்பு அங்கே போய்விடும். அந்தக் கூப்பன் எண்ணை நீங்களே பக்கத்தில் போடுவதுதான் இதற்கு மருந்து.

ஒரே லிங்க்கைப் பக்கம் முழுக்க ஒட்டாமல் இடத்துக்கு ஒரு துணைக் குறியீடு வையுங்கள்: “கிரைண்டர்-அட்டவணை”, “கிரைண்டர்-பிளக்பத்தி”, “கிரைண்டர்-முடிவு” என்பதுபோல. இரண்டு மாதத்தில் எந்த இடம் விற்கிறது என்று தெரிந்துவிடும். ஒப்பீட்டு அட்டவணைக்கு நேர் கீழே உள்ள லிங்க்தான் பெரும்பாலும் ஜெயிக்கும், பக்கத்தின் ஓரத்தில் மின்னும் பேனரை யாரும் தொடுவதில்லை. கமிஷன் லிங்க்குகளின் நிரல் வரியில், இது பணம் வரும் லிங்க் என்று தேடுபொறிக்குச் சொல்லும் “ஸ்பான்சர்ட்” என்ற ரெல் குறி போட மறக்காதீர்கள். 2019 முதல் கூகுள் கேட்பது அது.

வாசகருக்கும் சொல்ல வேண்டும். “இந்தப் பக்கத்து லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்கு விலை கூடாது” என்று முதல் லிங்க்குக்கு மேலேயே, படிக்கத்தக்க எழுத்தில் போடுங்கள். அடிக்குறிப்பில் சாம்பல் நிறத்தில் ஒளித்துவைப்பது அறிவிப்பு ஆகாது. சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையத்தின் 2016 வழிகாட்டியும் வணிகத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்கிறது.

நெட்வொர்க் பட்டியலில் கொழுத்த கமிஷனோடு கண்ணடிக்கும் சில வகைகளை இங்கிருந்து தொடவே கூடாது. மின்சிகரெட் இங்கே தடை. உரிமமில்லாத இணையச் சூதாட்டத்தை விளம்பரப்படுத்துவது குற்றம். மின்னிலக்க நாணயச் சேவைகளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்துவதை, சமூக ஊடகப் பிரபலங்கள் வழியாகச் செய்வது உட்பட, சிங்கப்பூர் நாணய ஆணையம் 2022 ஜனவரி வழிகாட்டியில் தடுத்திருக்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் பொடி வகையறாவும் அப்படித்தான்.

இன்னொரு எச்சரிக்கை. டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ “அஃபிலியேட் வேலை” என்று வந்து, பொருளுக்கு மதிப்பீடு போடச் சொல்லி, முதலில் சில வெள்ளி தந்து, பிறகு “கணக்கைத் திறக்க” உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி. உண்மையான திட்டம் எதுவும் சேர்வதற்குக் காசு கேட்காது, சிங்பாஸைக் கேட்காது. சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

பருவமும் வரியும்

தீபாவளிப் பக்கத்தைத் தீபாவளி வாரத்தில் எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள். கூகுள் பக்கத்தைப் பிடித்து மேலே கொண்டுவர வாரக்கணக்கில் ஆகும், எட்டு முதல் பத்து வாரத்துக்கு முன்பே வெளியிடுங்கள். 2026ல் தீபாவளி நவம்பர் 8. பெரிய 11.11 மலிவு விற்பனை அதற்கு மூன்று நாள் பின்னால் வருகிறது. பண்டிகைக்கு முறுக்கு அச்சும் விளக்கும் வாங்குபவர் அதுவரை காத்திருக்கமாட்டார், அவருக்கு 10.10 விற்பனைதான். அதனால் அந்தப் பக்கம் ஆகஸ்ட் கடைசிக்குள் தயாராக வேண்டும். பண்டிகை முடிந்ததும் அழிக்காமல், அதே முகவரியில் அடுத்த ஆண்டுக்குப் புதுப்பியுங்கள்.

கமிஷன் வரிக்கு உட்பட்ட வருமானம், 50 வெள்ளியானாலும் கணக்கில் வர வேண்டும். தொழில் வருவாய் ஆண்டுக்கு 200,000 வெள்ளியைத் தாண்டாவிட்டால் மொத்த வருவாய், நிகர லாபம் என்ற இரண்டு வரி போதும். இணையம் வழித் தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 18. டொமைன், ஹோஸ்டிங், சோதனைக்கென்றே வாங்கிய பொருள் போன்றவற்றின் ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருங்கள். சோதித்துவிட்டு அந்தக் கிரைண்டரில் வீட்டுக்கு மாவு அரைத்தால் முழுத் தொகையையும் செலவாகக் காட்டுவது சரியாகாது. செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் சந்தாவும் கட்ட வேண்டும். அலுவலக வேலை தனியாக இருக்கிறது என்பதால் அது விட்டுப்போகாது.

பணம் எந்த ஆண்டில் சேரும் என்பதில் நிறையப் பேர் தவறுவார்கள். டிசம்பரில் ஒப்புதலான கமிஷன் பிப்ரவரியில் வங்கிக்கு வந்தாலும், அது டிசம்பர் ஆண்டின் வருமானம்தான். எனவே டிசம்பர் 31 இரவு எல்லா நெட்வொர்க்கின் டாஷ்போர்டையும் திறந்து, ஒப்புதலான தொகை தெரியும்படி படம்பிடித்து ஒரே கோப்பில் போட்டு வைத்துவிடுங்கள். ஏப்ரலில் தேடினால் அந்தப் பக்கத்தில் எண்கள் மாறிப்போயிருக்கும்.